புள்ளி போட்ட சுறாவுக்கு ஏன் வரிக்குதிரைப் பெயர்?

கேள்வி: வரிக்குதிரைச் சுறா என்று தேடினால் எல்லாப் படத்திலும் சிறுத்தை மாதிரி புள்ளிதான். பெயர் தப்பா, படம் தப்பா? நிஜமாகவே அழிந்துகொண்டு வருகிறதா?

பதில் 1: இரண்டும் சரிதான். குட்டியில் கருத்த உடம்பில் வெளிர் வரிகள் இருக்கும், வளர வளர உடைந்து புள்ளியாகிவிடும். அழிவும் நிஜம். துடுப்புக்கும் இறைச்சிக்கும் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

பதில் 2: இந்தோனேசியாவின் ராஜா அம்பாட்டில் சுறா பிடிக்கத் தடை வந்த பிறகு மற்ற சில சுறாக்கள் தேறின, இது மட்டும் தேறவில்லை. அதனால் மீன் காட்சியகங்களில் இட்ட முட்டைகளை விமானத்தில் கொண்டுவந்து, தொட்டியில் பொரிக்கவைத்து, 2023 முதல் குட்டிகளைக் கடலில் விடுகிறார்கள். முட்டையைப் பார்த்தால் முட்டை என்றே சொல்ல மாட்டீர்கள், பழுப்புத் தோல் பைதான், ஓரத்தில் நார் நாராக இருக்கும், அதை வைத்துத்தான் கடலடியில் பிடித்துக்கொள்கிறது.

பதில் 3: இதையும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் லியோனி என்ற பெண் சுறாவை 2012-ல் ஆணிடமிருந்து பிரித்தார்கள், 2016-ல் அதன் முட்டைகளிலிருந்து குட்டிகள் வந்தன!

கேள்வி கேட்டவர்: அப்புறம் ஆணே வேண்டாமே?

பதில் 3: அப்படியில்லை. அந்தக் குட்டிகளிடம் தாயின் மரபணு மட்டும்தான். கடலில் விடுவதற்கு வெவ்வேறு பெற்றோரின் முட்டைகள்தான் வேண்டும்.