ஆச்சியின் சுருக்குப்பை

நான்: ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆச்சி வீட்டில்தானே? எழுந்ததிலிருந்து படுக்கும் வரை ஆளாளுக்குக் கண்ணில் பட்டதைப் போனில் எடுத்து இங்கே போடுங்கள். ஒட்டி ஒரு படமாக்கித் தருகிறேன்.

சித்தப்பா: நாம் இட்லி தின்பதை எவன்டா உட்கார்ந்து பார்ப்பான்?

நான்: பார்த்தார்களே சித்தப்பா. 2010 ஜூலை 24, ஒரு சாதாரண சனிக்கிழமை. அன்றைக்கு நடந்ததை எடுத்து அனுப்புங்கள் என்று யூடியூபில் கேட்டார்கள், 80,000 வீடியோ வந்து குவிந்தது. மொத்தம் 4,500 மணி நேரம். அதிலிருந்து 95 நிமிடப் படம், ‘லைஃப் இன் எ டே’. இயக்குநர் கெவின் மெக்டொனால்ட். 2015 அக்டோபர் 10 அன்று இந்தியாவிலும் இதே மாதிரி எடுத்தார்கள்.

அக்கா: நல்ல போன், நெட் எல்லாம் இருப்பவர்கள்தானே அனுப்பியிருப்பார்கள்?

நான்: அதற்காகத்தான் வசதியில்லாத நாடுகளுக்கு 400 கேமரா கொடுத்து அனுப்பினார்கள் அக்கா. ஆனாலும் நீ சொல்வது சரிதான், 80,000-க்கு முன்னால் 400 எந்த மூலைக்கு.

சித்தப்பா: சரி, 4,500 மணி நேரத்தில் 95 நிமிடம் போக மிச்சம் எங்கே? அப்புறம் அது ஜனங்கள் எடுத்த படமா, கத்தரிக்கோல் பிடித்தவன் எடுத்த படமா? நீயும் உனக்குப் பிடித்ததை எல்லாம் வைத்துக்கொண்டு, என் குறட்டையை மட்டும் போடுவாய்.

நான்: குறட்டை கண்டிப்பாக உண்டு 😂 வெட்டுபவர் கைதான் படம், அதை மறுக்கவில்லை. ஆனால் அதில் ஜப்பானில் ஒரு வீடு வரும் பாருங்கள், கால் வைக்க இடமில்லாமல் சாமான், அப்பாவும் சின்னப் பையனும் மட்டும், அவன் தூக்கக் கலக்கத்தோடு வந்து செத்துப்போன அம்மா படத்துக்குக் கும்பிடு போடுவான். வேறு ஒன்றுமே நடக்காது. எந்த இயக்குநர் போய் நின்று கேட்டாலும் அது கிடைத்திருக்காது.

மதுரை அத்தை: அழ வைக்காதே.

நான்: 2020-இல் மறுபடி எடுத்தார்கள் அத்தை. முதல் படத்துக்கு மகனை எடுத்து அனுப்பிய ஒரு அம்மா இதிலும் வருகிறார். இந்தத் தடவை அவர் காட்டுவது அஸ்திக் கலசம். பையன் கொரோனாவில் போய்விட்டான்.

சித்தப்பா: …

சித்தப்பா: சரி, எடுத்துத் தொலைக்கிறேன். என்னத்தை எடுக்க?

நான்: அந்தப் படத்துக்காகக் கேட்ட கேள்விகளையே வைத்துக்கொள்வோம். எதைப் பிடிக்கும், எதற்குப் பயம், பையில் என்ன இருக்கிறது.

அக்கா: ஆச்சிக்குப் பை என்றால் சுருக்குப்பைதான். யாரையும் தொட விடமாட்டாள்.

மதுரை அத்தை: நான் இப்போது அம்மா பக்கத்தில்தான் இருக்கிறேன், ஞாயிறு வரை எதற்கு. இரு.

மதுரை அத்தை: 🎥 1:12

அக்கா: அய்யோ, ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்குவதைப் பாரேன்! கொட்டைப்பாக்கு, இரண்டு ஊக்கு, நாலாக மடித்த பத்து ரூபாய், தேய்ந்த மூக்குத்தித் திருகு. கேமராவைப் பார்த்துவிட்டு உடனே முந்தானையைச் சரிசெய்கிறாள்!

நான்: அத்தை, நடுவில் “இந்தக் கருமத்தை அணைடி” என்கிறாளே, அதை வெட்டவே மாட்டேன்.

சித்தப்பா: 48-ஆவது நொடியில் நிறுத்திப் பாருங்கள். பாக்குக்குப் பக்கத்தில்.

அக்கா: சாவியா?

சித்தப்பா: டிரங்குப் பெட்டிச் சாவி! போன பொங்கலுக்கு வீடு முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் சுத்தியலால் அந்தப் பூட்டை உடைத்தவன் நான். பக்கத்தில் நின்று டார்ச் அடித்தது யார் தெரியுமா? உங்கள் ஆச்சிதான்.