பேக்கிளாஸ்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

பின்பால் என்பது சரிவான பலகையில் உருளும் பந்தைத் தட்டி ஆடும் விளையாட்டு எந்திரம். அதன் மேல்பெட்டி முகப்பில், பின்னால் விளக்கு எரிய நிற்கும் படக் கண்ணாடிதான் பேக்கிளாஸ். அதற்குப் போன மடலில் ஐயா தந்த 'பின்கண்ணாடி' எனக்கு ஒட்டவில்லை. கேட்டதும் காரின் பின்பக்கம்தான் நினைவுக்கு வருகிறது. ஆடுபவருக்கோ அது முகத்துக்கு நேரே நிற்கிற பொருள்.

அதைச் செய்யும் விதத்தைப் பாருங்கள். கண்ணாடியின் பின்புறத்தில், இடவலம் மாற்றி, நிறத்துக்கு ஒரு வலைத்திரை வைத்து அச்சிடுவார்கள். முன்னால் தெரியவேண்டிய நிறம் முதலில் விழும். வெளிச்சம் கசியக் கூடாத இடங்களைக் கடைசியில் மை போட்டு அடைப்பார்கள். (தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்திலும் இதே தலைகீழ் வரிசைதான். அங்கே தூரிகை, அவ்வளவுதான்.) 1947இல் காட்லீப் நிறுவனம் கொண்டுவந்த ஹம்ப்டி டம்ப்டி என்ற பின்பால் எந்திரத்தில் மதிப்பெண்கூடக் கண்ணாடியில்தான் இருந்தது. எண்களை வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். எந்த எண்ணுக்குப் பின்னால் பல்பு எரிகிறதோ அதுதான் கணக்கு. படம் ராய் பார்க்கர் வரைந்தது. மை இருப்பது பல்பு பக்கம் என்பதால், பழைய கண்ணாடிகளில் சூட்டில் செதில் செதிலாக உதிர்ந்து, முகங்களின் நடுவே வெள்ளை ஓட்டை விழுந்திருக்கும்.

'ஒளிப்படக் கண்ணாடி' என்றும் யோசித்தேன். ஒளிப்படம் என்றால் போட்டோ ஆகிவிட்டதே! சேகரிப்பாளர்கள் அந்த மேல்பெட்டியைத் 'தலை' என்றே சொல்கிறார்கள். நாமும் பெட்டியைத் தலைப்பெட்டி என்போம். அதன் முகப்பில் இருப்பது நெற்றிக்கண்ணாடி. 1980களில் படத்தைப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, வெறும் கண்ணாடிக்குப் பின்னால் செருகத் தொடங்கினார்கள். அந்த டிரான்ஸ்லைட்டுக்கு நெற்றித்தாள். கண்ணாடியில் அச்சிட்டதா, செருகியதா என்பது சேகரிப்பவருக்குப் பெரிய விஷயம். ஒரே சொல்லில் இரண்டையும் அடக்க முடியாது.

---

அம்மா, வணக்கம்.

பின்கண்ணாடியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நேரடியாகப் பெயர்த்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். தலைப்பெட்டி மிகப் பொருத்தம்.

நெற்றிக்கண்ணாடியில் மட்டும் ஒரு சிக்கல். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "மூக்குக்கண்ணாடியை மேலே தூக்கி விட்டுக்கொள்வீர்களே, அதுவா?" என்றாள் பேத்தி. ஆனாலும் பின்பால் பற்றிய கட்டுரைக்குள் வந்தால் யாரும் குழம்ப மாட்டார்கள், இருக்கட்டும்.

நெற்றித்தாள் வேண்டாம். அது தாள் இல்லை, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். நெற்றிப்படலம் என்றால் சரியாக வரும். அப்புறம், பந்தைத் தட்டும் ஃபிளிப்பருக்கு இன்னும் யாரும் சொல் தரவில்லை. அதுவும் ஹம்ப்டி டம்ப்டியில் வந்ததுதான், ஒன்றல்ல, ஆறு. 'தட்டி' என்றால் மூங்கில் தட்டி ஆகிவிடுமோ?