ஆல்டிட்யூட் டீரேட்டிங்: ‘மலையிளைப்பு’ சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம்.

படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார் பற்றிய கையேட்டின் ஏழாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் ஆகிறது. கடல் மட்டத்தில் 40 குதிரைத்திறன் தருகிற மோட்டார், ஊட்டி உயரத்தில் 30, 32 என்று நின்றுவிடும். இந்த நிலைக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளுக்கு நன்றி. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘உயர இழப்பு’ என்று சுருக்கமாக முடித்துவிடலாமே.

சுருக்கம்தான். ஆனால் விமானம் ஓட்டுகிறவரிடம் சொல்லிப் பாருங்கள், விமானம் கீழே இறங்குகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். நம் படகு ஏரியில் அதே மட்டத்தில்தான் மிதக்கிறது.

> ‘உயிர்வளிக் குறைபாடு’ காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

காரணத்தைத் தவறாகச் சொல்லிவிடுகிறது என்பதுதான் சிக்கல். காற்றில் உயிர்வளியின் பங்கு தூத்துக்குடியில் 21 விழுக்காடு, ஊட்டியிலும் அதே 21தான். குறைவது பங்கு அல்ல, மொத்தக் காற்று. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,013 மில்லிபார். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் அது 770 பக்கம் இறங்கிவிடுகிறது. மோட்டார் ஒவ்வொரு உறிஞ்சலிலும் அதே கொள்ளளவுக்குத்தான் காற்றை இழுக்கிறது, ஆனால் அந்தக் காற்றில் நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ பங்கு எடை இல்லை. வாளி அதேதான், தண்ணீர்தான் முக்கால் வாளி போல.

> ‘திறன்குறைவு’க்கு என்ன குறைச்சல்?

பள்ளிப் பாடநூலின்படி திறன்தான் பவர், அதில் தப்பில்லை. ஆனால் ‘திறன்குறைந்த மோட்டார்’ என்று அச்சிட்டால், வாங்கியவர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். அன்றாடப் பேச்சில் திறன் என்றால் சாமர்த்தியம். போதாததற்கு ‘செயல்திறன்’ என்பதை ஒருவர் எஃபிசியன்சிக்கும் இன்னொருவர் பர்ஃபாமன்சுக்கும் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறோம். இலங்கையில் பவருக்கு ‘வலு’ என்கிறார்கள், குதிரைவலு என்றே எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு சொல்லை அவர்களிடமிருந்து கடன் வாங்குவதில் வெட்கமே வேண்டாம். அவுட்போர்டுக்கு அங்கே புழங்கும் ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். கையேடு முழுக்க அதுதான்.

இனி சொல்லுக்கு வருகிறேன். அதற்கு முன், அது எதைக் குறிக்க வேண்டும் என்று நான் கண்ணால் பார்த்த கதை.

சில வருடம் முன்பு, மலை மேல் ஒரு நீர்த்தேக்கத்தில் ஓட்டுவதற்காகக் கடற்கரையிலிருந்து ஒரு படகை லாரியில் ஏற்றி வந்தார்கள். 40 குதிரைத்திறன், கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் பாகம்) வைத்த மோட்டார். கடலில் எட்டுப் பேரோடு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்த படகு அது. இங்கே ஆறு பேர் ஏறியதும் பின்புறம் அமுங்கி, தண்ணீரை உழுதுகொண்டு போனது. முழுக் கைப்பிடியும் திருகியாயிற்று. மீட்டர் முள் நிமிடத்துக்கு 4,500 சுற்றைத் தாண்டவில்லை. அந்த மோட்டார் 5,000க்கு மேல் போயாக வேண்டும். கூட வந்த மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். முனை முழுக்க ஈரக் கரி, பெட்ரோல் வாடை. “இன்ஜினுக்கு நோவு ஒண்ணுமில்ல சார், மேல வந்ததுல மூச்சு வாங்குது” என்றார்.

அவர் செய்தது இரண்டு வேலை. கார்புரேட்டரில் சிறிய ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டார். பிறகு 13 அங்குல விசிறியைக் கழற்றிவிட்டு 11 அங்குலம் போட்டார். (இந்த அங்குலம் விசிறியின் குறுக்களவு அல்ல, பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது திருகிக்கொண்டு முன்னேற வேண்டிய தூரம். திருகு அளவியில் நாம் படித்த ‘புரியிடைத் தூரம்’ அப்படியே பொருந்துகிறது, அதையே போட்டிருக்கிறேன். எதிர்ப்பு இருந்தால் தனி இழையில் சொல்லுங்கள்.) முள் 4,900க்கு வந்தது. படகு ஒருவழியாக எழும்பியது. வேகம் மட்டும் கடலில் இருந்த வேகம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு தனித்தனிச் சங்கதி இருக்கிறது. காற்று மெலிந்ததால் வலு போவது ஒன்று. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாததால் கலவை கொழுத்துப் போவது இன்னொன்று. கார்புரேட்டர் காற்றின் எடையை நேராக அளப்பதில்லை. காற்றின் அடர்த்தி முக்காலாக இறங்கினால் பெட்ரோல் வர்க்கமூலக் கணக்கில்தான் குறையும், கலவை 15 விழுக்காடு போலக் கொழுத்துவிடும். அதுதான் பிளக்கில் பார்த்த கரி. சிறிய ஜெட் போட்டால் இது தீரும். காற்றழுத்த உணரியும் கணினியும் வைத்த இன்றைய மோட்டார்களில் தானாகவே தீர்ந்துவிடும். முதலாவது எந்தக் கணினி வைத்தாலும் தீராது. இல்லாத காற்றை அது எங்கே போய் வாங்கும்? காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் சூப்பர்சார்ஜர் இருந்தால் உண்டு. உத்தேசமாக ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 3 விழுக்காடு போகிறது என்பது படகுக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. பெரு, பொலிவியா எல்லையில் 3,812 மீட்டரில் இருக்கும் தித்திகாகா ஏரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும்.

(சம்பந்தமில்லாமல் ஒன்று: அந்த ஏரிக்கு யாவரி என்ற நீராவிக் கப்பலை இங்கிலாந்தில் செய்து, துண்டு துண்டாகக் கோவேறு கழுதைகள் மேல் ஆண்டிஸ் மலை ஏற்றி, 1870இல் தண்ணீரில் இறக்கினார்கள். கொதிகலனில் எரித்தது லாமாவின் காய்ந்த சாணம். கையேட்டில் இதற்கு இடம் இல்லை, இங்காவது சொல்லிவிட்டேன்.)

படகுக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. விமானம் மேலே போனால் இன்ஜின் சோர்ந்தாலும் எதிர்க்கிற காற்றும் மெலிகிறது. ஏரித் தண்ணீர் அப்படி மெலியாது. லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ இங்கும், ராமேஸ்வரத்தில் இருப்பது போலவே. ஆள் இளைத்துவிட்டான், தலைச்சுமை அதேதான். விசிறியை மாற்றுவது இந்தச் சுமையை ஆளுக்குத் தக்கபடி குறைக்கத்தான்.

‘இளைத்து’ என்று எழுதும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இளைப்பு என்றால் மெலிவு, சோர்வு, மூச்சு வாங்குதல் எல்லாம் ஒரே சொல்லில். மேலே காற்று இளைக்கிறது, மோட்டாருக்கு இளைப்பு வாங்குகிறது, வலு இளைக்கிறது. மெக்கானிக் சொன்னதும் இதைத்தான். நோய் இல்லை, கீழே இறங்கினால் சரியாகிவிடும் என்பதும் சொல்லிலேயே இருக்கிறது. முதலில் ‘உயரவிளைப்பு’ என்று எழுதினேன். வீட்டில் படிக்கக் கொடுத்தால், “உயர விளைப்பா? கரும்பா?” என்று கேள்வி வந்தது. ‘மேட்டிளைப்பு’ என்றால் மேடு ஏறும் லாரி நினைவுக்கு வருகிறது. மிஞ்சியது மலையிளைப்பு. புணர்ச்சியில் சிக்கல் இல்லை, வாயில் நன்றாக உருள்கிறது.

டீரேட்டிங் வேறு. அது மோட்டாருக்கு நடப்பது அல்ல, நாம் செய்வது. இவ்வளவு உயரத்தில் இதற்கு இவ்வளவுதான் வலு என்று முன்கூட்டியே இறக்கி மதிப்பிடுவது. ‘மலைச் சேதாரம்’ என்று ஒருவர் நகைக்கடைப் பாணியில் எழுதியிருந்தார். சத்தமாகச் சிரித்தேன், முன்கூட்டியே கழிக்கும் கணக்கு என்ற அளவில் நியாயமும் இருக்கிறது. ஆனால் சேதாரம் என்றதும் ஏதோ நம் தலையில் கட்டுகிறார்கள் என்ற சந்தேகம் தமிழனுக்குப் பிறவியிலேயே உண்டு. ‘வலுவிறக்கம்’ போதும் என்று நினைக்கிறேன்.

> ஊட்டி, பைக்காரா தவிர இது யாருக்குப் பயன்படப் போகிறது?

மலையூர் டீசல் ஜெனரேட்டருக்கும் இதே தொல்லை உண்டு. லடாக்கில் ஜெனரேட்டர் வாங்குகிறவர் வலுவிறக்கம் போட்டுத்தான் வாங்க வேண்டும். மின்மோட்டார் படகுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை, அது மூச்சே விடுவதில்லை.

— குன்னூரிலிருந்து

* * *

வணக்கம் அண்ணா.

வலுவை எடுத்துக்கொண்டதற்கு மகிழ்ச்சி. வலுவிறக்கம் எனக்குச் சம்மதம். மலையிளைப்பில்தான் ஒரு பயம் இருக்கிறது. நீங்கள் கலவை கொழுத்துப் போகும் என்று எழுதுகிறீர்கள். ‘இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். கொழுத்த கலவை ரிச் என்றால், இளைத்த கலவை லீன் என்றுதானே எவரும் நினைப்பார்? இளைப்பு என்று அத்தியாயத் தலைப்பைப் பார்த்த பெடியன், பெற்றோல் போதவில்லை என்று நினைத்துப் பெரிய ஜெட்டைப் பூட்டிவிடுவான். வருத்தம் இரட்டிப்பாகும். எங்கள் நுவரெலியா கிரகரி வாவி 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது, அங்கும் மோட்டார் படகு ஓடுகிறது. அங்கே இந்தப் பிழை நடக்கக் கூடாது.

— யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

தங்கச்சி, சரியான இடத்தில் பிடித்தீர்கள். எள்ளும் கொள்ளும் எனக்குத் தோன்றவே இல்லை.

சொல்லை விட மனம் வரவில்லை. அதனால் வேலியை இந்தப் பக்கம் போடுகிறேன்: லீன் மிக்சருக்கு ‘வறண்ட கலவை’ என்று மாற்றிவிட்டேன், கலவையைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘இளைத்த’ என்ற சொல் கையேட்டில் எங்கும் வராது. ‘வறண்ட’ பிடிக்காதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், திங்களன்று அச்சுக்குப் போகிறது. கையேட்டில் வரும் சொல் விளக்கங்கள் இப்போதைக்கு இப்படி:

மலையிளைப்பு: உயரமான இடத்தில் காற்று மெலிவதால் மோட்டாரின் வலு குறைதல். மோட்டாரின் பழுது அன்று. இந்நிலையில் கார்புரேட்டர் மோட்டாரின் கலவை கொழுக்கும். பெரிய ஜெட் போடக் கூடாது.

வலுவிறக்கம்: மலையிளைப்பைக் கணக்கில் கொண்டு மோட்டாரின் வலுவை முன்கூட்டியே குறைத்து மதிப்பிடுதல்.

‘பெரிய ஜெட் போடக் கூடாது’ என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

— குன்னூரிலிருந்து