வங்கதேசம், பாகிஸ்தான்: பெண்கள் கல்வி முன்கணிப்பில் சினாரியோ மாற்றினாலும் கோடு ஏன் அசையவில்லை?

வைகறை:
எம்.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் 2060 வரை பெண்களின் கல்வி நிலை எப்படிப் போகும் என்று ஒப்பிடுவதுதான் புராஜெக்ட். வியன்னாவில் இருக்கும் விட்கென்ஸ்டைன் மையத்தின் முன்கணிப்புத் தரவை எடுத்து, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் சராசரிப் பள்ளி ஆண்டுகளை வரைந்தேன். எதிர்காலம் எப்படிப் போகலாம் என்ற அனுமானங்களான எஸ்எஸ்பி சினாரியோக்களை, வேகமான வளர்ச்சி (எஸ்எஸ்பி1), நடுத்தரம் (எஸ்எஸ்பி2), தேக்கம் (எஸ்எஸ்பி3) என்று மாற்றி மாற்றிப் போட்டாலும் முதல் சில வருஷங்களுக்கு மூன்று கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஏதாவது தப்பாக எடுத்துவிட்டேனா? இன்னொன்று, தொடக்கப் புள்ளிக்கு எழுத்தறிவு விகிதம் போடலாமா? வங்கதேச 2022 சென்சஸில் பெண்கள் 72.82 சதவீதம், பாகிஸ்தான் 2023 சென்சஸில் 52.84. கிட்டத்தட்ட 20 புள்ளி வித்தியாசம் என்று எழுத நினைக்கிறேன். அடுத்த வாரம் கைடிடம் காட்ட வேண்டும்.

தேனீ:
தப்பு இல்லை, அது அப்படித்தான் இருக்கும். இந்தக் கணக்கின் அடிப்படையே ஒருவர் படிப்பு பெரும்பாலும் 30 வயதுக்குள் முடிந்துவிடும், அதற்கப்புறம் மாறாது என்பதுதான். 2025இல் 40 வயதாக இருக்கும், பள்ளிப் பக்கமே போகாத ஒரு பெண், 2060இல் 75 வயதில் உயிரோடு இருந்தால் அப்போதும் ‘பள்ளி செல்லாதவர்’ கணக்கில்தான் வருவார். சினாரியோ தொடுவது இப்போது பள்ளியில் இருக்கிற, இனிமேல் போகப்போகிற பிள்ளைகளை மட்டும்தான். அவர்களை 15க்கு மேற்பட்ட எல்லாப் பெண்களோடும் சேர்த்துச் சராசரி எடுத்தால் மாற்றம் எங்கே தெரியும்? 25–29 வயதை மட்டும் எடுத்து வரைந்து பாருங்கள்.

எழுத்தறிவை அப்படியே போடாதீர்கள். வங்கதேசம் 7 வயதிலிருந்து எண்ணுகிறது, பாகிஸ்தான் 10 வயதிலிருந்து. இரண்டையும் கழித்து வரும் 20க்கு அர்த்தமில்லை. எழுதப் படிக்கத் தெரிவது வேறு, எத்தனையாவது வகுப்பு முடித்தார் என்பது வேறு. முன்கணிப்பு பேசுவது இரண்டாவதைப் பற்றி.

கடலோரம்:
நான் யாழ்ப்பாணம், டாக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கார்மென்ட்ஸில் வேலை. தேனீ சொன்னதை நாங்கள் புது ஆட்களை எடுக்கிற நாளில் நேரிலேயே பார்க்கலாம். போன மாதம் ஒரு பிள்ளை தாயோடு வந்தாள். பிள்ளைக்கு 20 இருக்கும், எஸ்எஸ்சி (பத்தாம் வகுப்புப் பரீட்சை) பாஸ், படிவத்தைத் தானே நிரப்பி, நீட்டி முழக்கிக் கையெழுத்து வைத்தாள். தாய்க்கு 45க்கு மேல், நாமினி இடத்தில் பெருவிரலை மையில் அழுத்தினா. அழுத்தின பிறகு விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே மகள் எழுதின தாளைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றா. ஒரே வீடு, ஒரே மேசை, ஆனால் வயதுவாரியாகப் பட்டை போட்டு, கல்வி நிலைக்கு ஒரு நிறம் கொடுத்து வரைகிற மக்கள்தொகைப் பிரமிடில் இரண்டு நிறம்.

அந்த மாற்றத்தில் 1994இல் நாடு முழுக்கக் கொண்டுவந்த உதவித்தொகைக்குப் பெரிய பங்கு இருக்கு. 6 முதல் 10ஆம் வகுப்பு வரை கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு, 75 சதவீத வருகை, 45 சதவீத மதிப்பெண், கல்யாணம் முடித்திருக்கக் கூடாது என்று மூன்று நிபந்தனை. ஆனாலும் 2019 கணக்கெடுப்பில்கூட 20–24 வயதுப் பெண்களில் பாதிப்பேர் 18க்கு முன்னமே கல்யாணம் முடித்தவர்கள். அதனால் இடைநிலையைத் தொட்டவர்களை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாமல், 12ஆம் வகுப்பு முடித்தவர்களைத் தனியாகப் பாருங்கோ.

பழைய வாத்தியார்:
பாகிஸ்தான் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். 1951 சென்சஸில் கிழக்குப் பாகிஸ்தானில்தான், அதாவது இன்றைய வங்கதேசத்தில்தான், மக்கள் அதிகம். இன்று பாகிஸ்தான் 24 கோடி, வங்கதேசம் 17 கோடி. 2017–18 சுகாதாரக் கணக்கெடுப்பு இரண்டு நாட்டிலும் நடந்தது: ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் பாகிஸ்தானில் 3.6, வங்கதேசத்தில் 2.3. ஆண்டுதோறும் பள்ளி வாசலில் நிற்கிற பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், சேர்க்கை சதவீதம் அப்படியே நிற்பதற்கே புது வகுப்பறை கட்ட வேண்டும், ஆசிரியரைப் போட வேண்டும். 5 முதல் 16 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி என்று 2010இல் அரசியலமைப்பிலேயே 25-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2024இல் கல்வி அவசரநிலை அறிவித்தபோது பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளைகள் சுமார் 2.6 கோடி. ஆர்வம் இல்லாத மக்கள் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள், பலுசிஸ்தானில் நடக்கிற தூரத்தில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி இல்லாத ஊர்கள் ஏராளம்.

இந்த முன்கணிப்புக் கணக்கில் படிப்பும் பிறப்பும் தனித்தனி இல்லை. படித்த பெண்ணுக்குக் குழந்தை குறைவு என்பதையும் சேர்த்தே ஓட்டுகிறார்கள். ஆகவே எஸ்எஸ்பி3இல் பாகிஸ்தானுக்கு இரட்டை அடி: மற்ற சினாரியோக்களைவிடப் படித்தவர் விகிதமும் குறைவாக இருக்கும், படிக்க வைக்க வேண்டிய பிள்ளைகளும் அதிகமாக இருப்பார்கள். என்னைக் கேட்டால் உங்கள் புராஜெக்ட்டின் மையமே இதுதான். அப்புறம், ‘2060இல் இவ்வளவு ஆகும்’ என்று எழுதாதீர்கள். ‘சேர்க்கை இப்படிப் போனால் இவ்வளவு ஆகும்’ என்று எழுதுங்கள்.

வைகறை:
எல்லாருக்கும் நன்றி. 25–29 போட்டதும் மூன்று கோடும் விசிறி மாதிரி விரிந்துவிட்டன, பாகிஸ்தானில் இன்னும் அகலமாக. எழுத்தறிவுப் பத்தியை எடுத்துவிட்டேன். கடலோரம் அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு, 1994இல் ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் எங்கே என்று வங்கதேசப் பிரமிடில் தேடினேன். 2060இல் 75–79 பட்டையில் இருக்கிறார்கள். பாகிஸ்தான் படத்திலும் அதே பட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், முதல் பக்கத்தில் அதுதான் வரப்போகிறது.