தோட்டத்தில் எத்தனை கோழி? அட்டையில் ஆறு என்று போட்டிருக்கிறது, எனக்கு நம்பிக்கை வரவில்லை

புதுக்கோழிக்காரி

வணக்கம். முதன்முறையாகக் கோழி வளர்க்கப் போகிறேன். வீட்டுக்குப் பின்னால் 15க்கு 20 அடியில் ஒரு தோட்டம். பாதி காய்கறிப் பாத்தி, மீதி வெறும் புல். மரக்கூண்டு ஒன்று வாங்கியாயிற்று. ‘6 கோழிகளுக்கு’ என்று அட்டையில் போட்டிருக்கிறது. பூட்டி முடித்த பிறகு பார்த்தால் ஆறு பூனைகூட அதில் கால் நீட்டிப் படுக்க முடியாது போலிருக்கிறது.

முட்டைக்காகத்தான் வளர்க்கிறோம், கறிக்கு இல்லை. வீட்டில் நான்கு பேர். இரண்டு போதும் என்கிறார் கணவர். ஆறுக்குக் குறையக் கூடாது என்கிறாள் மகள். இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி வீடுகள் இருக்கின்றன. எத்தனை வாங்கலாம்?

மண்வெட்டி

முதலில் டேப்பை எடுங்கள். மூன்று அளவு வேண்டும்: கூண்டின் உள்தரை (முட்டைப் பெட்டி அடைக்கும் இடத்தைக் கழித்துவிடுங்கள்), வெளியே வலை போட்ட அடைப்பின் பரப்பு, இரவில் ஏறி உட்காரும் கம்பின் நீளம். அட்டையில் இருக்கும் எண்ணிக்கையில் பெட்டி, ஏணி எல்லாவற்றையும் சேர்த்துவிடுவார்கள். நானும் அதை நம்பி ஏமாந்தவன்தான்.

அப்புறம், உங்கள் பகுதியில் வீட்டில் கோழி வைக்க விதி ஏதாவது உண்டா என்று உள்ளாட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் இடங்களும் உண்டு, சேவல் மட்டும் கூடாது என்னும் இடங்களும் உண்டு.

விடியற்காலை

இரண்டு மட்டும் வேண்டாம் அக்கா. நான் இரண்டில்தான் தொடங்கினேன். எட்டாவது மாதம் ஒன்று செத்துப்போனது. மற்றது நாள் முழுக்கச் சமையலறைக் கதவருகே நின்று கத்தும், தீவனத்தை அரைகுறையாகக் கொத்தும். கோழி கூட்டமாக இருந்தே பழகிய பிராணி, தனியாக விட்டால் தவித்துப்போகும்.

சரி, துணைக்கு ஒன்று வாங்கலாம் என்றால் அதுவும் லேசில்லை. புதிதாக வருவதை மூன்று நான்கு வாரம் தனியே வைத்து நோய் இல்லை என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு வாரம் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வைத்துப் பழக்க வேண்டும். ஒரே ஒரு புதுக்கோழியை விட்டால் கொத்து முழுவதும் அதற்குத்தான். அதனால் நான் இரண்டாக வாங்கினேன். ஆக மொத்தம் மூன்று. முதல் நாளே மூன்று வாங்கியிருக்கலாம்.

முட்டைக்கணக்கு

முட்டையை வைத்து ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதனால் முட்டையிடும் நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், நடுவில் ஒரு நாள் விட்டுப்போகும். நன்றாக இடும் கலப்பின வகை என்றால் முதல் ஆண்டில் வாரத்துக்கு ஐந்து ஆறு கிடைக்கும். நாட்டு வகையில் அதைவிடக் குறைவு, அடைக்கு உட்கார்ந்துவிட்டால் சுத்தமாக நின்றுவிடும். இறகு உதிரும் காலத்திலும் பகல் பொழுது குறையும் காலத்திலும் முட்டை குறையும்.

நல்ல வகையில் நான்கு கோழி இருந்தால் முதல் ஆண்டில் வாரம் 20 முட்டை எதிர்பார்க்கலாம். நான்கு பேருக்கு அது தாராளம். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. சுவரை ஒட்டி வீடுகள் என்கிறீர்கள், சேவல் பக்கம் போகாதீர்கள்.

தீவனம் ஒரு கோழிக்கு நாளுக்கு 110 முதல் 120 கிராம். நான்குக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தண்ணீர், வெயில் காலத்தில் ஒவ்வொன்றும் அரை லிட்டர்வரை குடிக்கும்.

ஒன்பது கோழி அம்மா

என் பெயரே என் தப்பைச் சொல்கிறது, பாருங்கள். நான்கில் தொடங்கினேன். பார்க்க வந்தவர் இரண்டு கொடுத்தார், ஆசைப்பட்டு மூன்று வாங்கினேன். இடம் அப்படியே இருந்தது.

வெயில் அடிக்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு வாரம் விடாமல் மழை. எல்லாவற்றையும் அடைப்புக்குள்ளேயே வைத்திருந்தேன். நான்காம் நாள் ஒரு கோழிக்கு முதுகில் இறகே இல்லை. கோழிகளுக்குள் யார் பெரியவள் என்று ஒரு வரிசை உண்டு, அதில் கடைசியாக இருக்கும் கோழியை மற்றவை கொத்துவது வழக்கம்தான், ஓட இடம் இருந்தால் ஓடித் தப்பிக்கும். இங்கே ஓட எங்கே இடம்? கூண்டைத் திறந்தால் கண் எரியும் அளவுக்கு அம்மோனியா நாற்றம் வேறு. நமக்கே எரிகிறது என்றால் உள்ளே தூங்குகிற அவற்றின் நுரையீரல் என்ன பாடுபடும்!

அடைப்பை இரண்டு மடங்காக்கினேன். தீவனத் தொட்டியை ஒன்றுக்கு இரண்டாக, எதிரெதிர் மூலைகளில் வைத்தேன். இரண்டு மாதத்தில் இறகு முளைத்தது. எண்ணிக்கையை ஏற்றுவது சுலபம், குறைக்கத்தான் மனசு வராது.

புதுக்கோழிக்காரி

எல்லோருக்கும் நன்றி. அளந்தேன். கூண்டின் உள்ளே 4க்கு 4 அடி, அதில் ஓரமாக ஒரு அடி அகலத்துக்கு முட்டைப் பெட்டிகள். கம்பு 4 அடி நீளம். வெளி அடைப்பு 6க்கு 8. பகலில் தோட்டத்தில் திறந்துவிடுவதாக இருந்தால் அடைப்பின் அளவு அவ்வளவு முக்கியமா?

மண்வெட்டி

முக்கியம்தான். கணக்கைப் பாருங்கள்.

பெட்டியைக் கழித்தால் உள்தரை 12 சதுர அடி. கோழி ஒன்றுக்கு 3 முதல் 4 சதுர அடி வேண்டும். மூன்று அல்லது நான்கு கோழி வரும். அடைப்பு 48 சதுர அடி. கோழிக்கு 10 என்று வைத்தால் நான்கு, கொஞ்சம் மிச்சம். கம்பில் கோழிக்கு 10 அங்குலம் விட்டாலும் நான்கு தாராளமாக உட்காரும். மூன்று அளவில் எது குறைவோ அதுதான் உங்கள் எண்ணிக்கை. பருத்த இனம் என்றால் மூன்று, மற்றபடி நான்கு.

வரப்போரம்

இதே அளவு அடைப்பில் நான் ஆறு வைத்திருக்கிறேன், எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. விடிந்ததும் திறந்துவிடுவேன், பொழுது சாய்ந்தால் தானே வந்து அடையும். இவ்வளவு கணக்கு எதற்கு?

மண்வெட்டி

நீங்கள் எப்போதும் வீட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இவர் ஊருக்குப் போனால்? அடைமழை பிடித்தால்? நாயோ கீரியோ சுற்ற ஆரம்பித்தால்? பறவைக் காய்ச்சல் பரவும்போது திறந்தே விடக் கூடாது என்று உத்தரவு வருவதும் உண்டு. திறந்துவிட முடியாத நாளுக்குத்தான் கணக்குப் போட வேண்டும். இடையில் வலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: கோழிவலை என்று விற்கும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தும், கீரியை வெளியே நிறுத்தாது. இரவில் அடையும் கூண்டுக்கு அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலையே போடுங்கள்.

வரப்போரம்

ஆமாம், நான் வெளியூர் போய் மூன்று வருடம் ஆகிறது :) ஒத்துக்கொள்கிறேன்.

பாத்திக்காரன்

பாத்தியைப் பற்றி யாரும் பேசவில்லையே! நான்கு கோழி ஒரு காலையில் ஒரு பாத்தியைக் கிளறிக் காலி செய்துவிடும். நாற்றைத் தின்பதைவிட வேரைக் கிளறுவதுதான் அதிகம். ஈரமில்லாத மண் எங்கே இருந்தாலும் குழி பறித்து மண்குளியல் போடும், பெரும்பாலும் நேற்று விதைத்த இடத்திலேயே. பாத்தியைச் சுற்றி இரண்டரை அடி உயரத்துக்கு வேலி கட்டுங்கள். எச்சத்தை அப்படியே செடிக்குப் போடாதீர்கள், சூட்டில் கருகிவிடும். சருகோடு சேர்த்துச் சில மாதம் மக்க வையுங்கள். பாதிக்கு மேல் எச்சம் இரவில் கம்புக்கு அடியில்தான் விழும், அங்கே ஒரு பலகை வைத்தால் காலையில் சுரண்டி எடுத்துவிடலாம்.

புதுக்கோழிக்காரி

சரி, நான்கு என்று முடிவு. குஞ்சாக வாங்கினால் மகளுக்குச் சந்தோஷம். ஆறு குஞ்சு வாங்கி, நான்கு மிஞ்சும் என்று விட்டுவிடலாமா?

முட்டைக்கணக்கு

சேவல், பெட்டை என்று பிரிக்காத குஞ்சு என்றால் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். ஆறில் மூன்று, சில சமயம் நான்குகூட. இரண்டு மாதம் கையில் வைத்து வளர்த்த பிறகுதான் கொண்டை சிவந்து காட்டிக்கொடுக்கும். அதற்குள் மகள் பெயர் வைத்திருப்பாள். சேவலை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் குஞ்சு வாங்காதீர்கள். 16 வாரம் ஆன இளம் பெட்டையாக நான்கு வாங்குங்கள், ஒரே இடத்திலிருந்து, ஒரே வயதில். ஓரிரு மாதத்தில் முட்டைக்கு வந்துவிடும்.

புதுக்கோழிக்காரி

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். நான்கு பெட்டைகள் வந்தாயிற்று, மூன்று முட்டையிடுகின்றன. யார் மூத்தவள் என்ற சண்டை முதல் வாரத்தோடு ஓய்ந்தது. ஒரே ஒரு விசித்திரம். இரண்டு முட்டைப் பெட்டி இருக்கிறது, மூன்றும் ஒரே பெட்டிக்குத்தான் போகின்றன. ஒன்று உள்ளே இருந்தால் அடுத்தது வாசலில் நின்று திட்டுகிறது. போதாமல்தான் இப்படியோ, இன்னொரு பெட்டி வைக்கட்டுமா?

ஒன்பது கோழி அம்மா

மூன்று நான்கு கோழிக்கு ஒரு பெட்டியே போதும். ஐந்து வைத்தாலும் ஒன்றுக்குத்தான் வரிசை நிற்கும், என்னிடம் ஒன்பதும் அப்படித்தான். சண்டை பொறுக்கவில்லை என்றால் காலிப் பெட்டியில் ஒரு மரமுட்டை போட்டுப் பாருங்கள்.

புதுக்கோழிக்காரி

போட்டேன். இரண்டு நாளில் ஒருத்தி மாறிவிட்டாள்!