பழைய செய்தியில் 'இன்ஸ்டன்ட்': எந்த மாதம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வணக்கம் நண்பர்களே, ஒரு சின்ன உதவி.

பொழுதுபோக்காகப் பழைய லண்டன் செய்தித்தாள்களை வாசித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். அவற்றில் தேதிக்குப் பின்னால் அடிக்கடி 'இன்ஸ்டன்ட்' என்ற சொல் வருகிறது. நமக்கோ அந்தச் சொல்லைக் கேட்டாலே காபிதான் நினைவுக்கு வரும்! அங்கே அதற்கு 'இந்த மாதம்' என்று பொருள். போன மாதத்துக்கு 'அல்டிமோ', வரும் மாதத்துக்கு 'ப்ராக்ஸிமோ'. இதுவரை சரி.

சிக்கல் எங்கே என்றால், அது யாருடைய 'இந்த மாதம்' என்பதில்தான். டிரஃபால்கர் கடற்போர் பற்றிப் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி காலிங்வுட் எழுதிய கடிதம் லண்டன் கெசட் என்ற அரசிதழில் வெளியானது 1805 நவம்பர் 6 அன்று. அதில் '19 இன்ஸ்டன்ட்' எதிரிக் கப்பல்கள் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதாக வருகிறது. நான் முதலில் நவம்பர் 19 என்று எழுதிவிட்டேன். அச்சான நாளுக்கு அப்புறம் எப்படிப் போர் நடக்கும்? கடிதத்தின் தலைப்பைப் பார்த்த பிறகுதான் புரிந்தது: அவர் எழுதியது அக்டோபர் 22. ஆக, அது அக்டோபர் 19.

இதில் தேதி இருந்ததால் தப்பித்தேன். கடிதத்தின் ஒரு துண்டை மட்டும் தேதியில்லாமல் எடுத்துப் போட்டிருக்கும் செய்திகளில் மாதத்தை எப்படி உறுதி செய்கிறீர்கள்? கப்பல் வருகைப் பத்தியோடு ஒப்பிடுவது பலன் தருமா?

இன்னொன்று: தமிழில் எழுதும்போது நம் பழைய பத்திரங்களில் நடப்பு மாதத்தைக் குறிக்க வரும் 'நாளது மாதம்' என்பதைப் பயன்படுத்தலாமா? எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இன்றைய வாசகருக்குப் புரியுமா?