புதுப்பிப்பு: மணியின் ஈறைப் பார்த்தேன்

எங்கள் நாட்டு நாய் மணி பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிடுகிறான், வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம் என்று மூன்று வாரம் முன்பு கேட்டிருந்தேன். பலரும் ஈறைப் பார்க்கச் சொன்னீர்கள். நல்லவேளை, பார்த்தேன்.

ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். மணிக்கு ஈறே வெளிறிக் கிடந்தது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தோம் (வாலைப் பிடித்தது தம்பி, உறுமல் வாங்கியது நான்). 104 டிகிரி! நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்புதான், நம் 98.6 கணக்கு அதற்குப் பொருந்தாது. ஆனால் 104 என்றால் காய்ச்சலேதான். அப்புறம் கால்விரல் இடுக்கை விரித்தால், கொத்தாக உண்ணி. தினமும் முதுகைத் தடவிவிட்டு, உண்ணி இல்லை என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவுபவை) குறைவு, உண்ணிக் காய்ச்சல் என்றார். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை 28 நாள். இன்று 18-ஆம் நாள். முதலில் மாத்திரையைத் தயிர்சாதத்தில் ஒளித்துக் கொடுத்தேன். பாலும் தயிரும் அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்று திட்டு விழுந்தது. இப்போது வேகவைத்த முட்டைக்குள் போகிறது.

பாராசிட்டமால் கொடுக்கச் சொன்ன நண்பருக்கு: டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். நாய்க்கு அது ஈரலைக் கெடுக்கக்கூடியதாம்.

ஈறு சிவந்துவிட்டது. நேற்று என் ஜோடிச் செருப்பில் ஒன்றைக் காணோம்.